குதிரைக்காரன் இறங்கிய சுரங்கம்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் பொடித்துப் போட்டுக் கிண்டினால் ஒரு வாசனை எழும். புளித்த கஞ்சியையும் செம்புப் பாத்திரத்தையும் ஒன்றாக முகர்ந்தது போலிருக்கும். தாமு அண்ணனின் வாடகைப் புத்தகக் கடைக்குள் நுழைகிற எவரையும் அந்த வாசனைதான் முதலில் வரவேற்கும். மெட்ராஸிலிருந்து பார்சலில் வருகிற மெல்லிய கதைப் புத்தகங்களை நாலைந்தாகச் சேர்த்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி அவர் வாடகைக்கு விடுவார். அட்டையில் சரஸ்வதி வீணையோடு உட்கார்ந்திருப்பாள்; உள்ளே பிரித்தால் அமெரிக்காவின் வறண்ட மலைகளும், பின்னங்கால்களில் நிமிர்ந்த குதிரையும், அகன்ற தொப்பிக்குக் கீழே கண் தெரியாத ஓர் ஆளும் வருவார்கள். எங்கள் லைன் வீடுகளில் அவற்றுக்கு "குதிரைக்காரன் புக்கு" என்று பெயர்.

கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து பதினொரு வயது. அந்தப் புத்தகங்கள் பையன்களுக்கானவை என்று பெரியவர்கள் சொன்னாலும் நான் எல்லாவற்றையும் படித்தேன். அவற்றில் வரும் நிலம் எனக்குப் புதிதில்லை. அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய சைனைடு மண் வெள்ளை வெள்ளையாக மலை மலையாகக் குவிந்து கிடந்த ஊர் எங்களுடையது. காற்றடித்தால் அங்கேயும் புழுதி, இங்கேயும் புழுதி. அங்கேயும் தங்கம், இங்கேயும் தங்கம். ஆனால் ஒரு விஷயம் எனக்கு அப்போதே உறுத்தியது. அத்தனை புத்தகங்களிலும் தங்கம் பையில்தான் வந்தது. யாரோ கொள்ளையடித்தார்கள், யாரோ மீட்டார்கள், யாரும் தோண்டவில்லை. தோண்டுகிறவன் ஒருவன் வந்தால் அவன் பல் போன கிழவனாக, ஒரு கழுதையோடு, மூன்றாம் பக்கத்தில் வந்து நாலாம் பக்கத்தில் செத்துப் போனான். தோண்டுகிற அப்பாக்கள் மட்டுமே வாழ்ந்த ஓர் ஊரில் பையன்கள் எல்லோரும் சைனைடு மேட்டில் குதிரைக்காரனாகவே ஆடினார்கள். கிழவன் வேஷம் போட ஒருவனும் அகப்படவில்லை.

அந்த வீரர்கள் நிஜமாகவே இருந்தவர்கள் என்று தாமு அண்ணன் சொன்னார். சுரங்க அதிகாரிகளின் பங்களாக்களிலிருந்து எடைக்கு வருகிற ஆங்கிலப் பத்திரிகைகளை அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதில் கிடைத்த சரக்கு இது.

"கேளு பாப்பா. நெஜமாவே ஒருத்தன் இருந்தான். காட்டெருமை சுட்டுகினு, பட்டாளத்துக்கு வழி காட்டிகினு, அவன் பாட்டுக்கு இருந்தான். பட்டணத்துலேர்ந்து பேப்பர்காரன் ஒருத்தன் ரயில் ஏறி வந்தான். இவன் பத்துன்னு சொன்னத அவன் நூறுன்னு எழுதிட்டான். புக்கு வித்துப் போச்சு. அடுத்து இன்னொருத்தன் எழுதினான், ஆயிரம்னு. கடசில அந்த ஆளே சர்க்கஸ் கூடாரத்துல நின்னு, புக்குல வந்த சட்டயப் போட்டுகினு, புக்குல வந்த மாதிரியே சுட்டுக் காட்டினானாம்!"

"அப்ப பொய்தானே அண்ணா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? அந்த ஆளு இருந்தான் இல்ல?" என்று கேட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, தொழில் தெரிந்தவனைப் பாராட்டுகிற தொனிதான் இருந்தது. அதை நான் அப்போதே கவனித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

என் அப்பா டிம்பர்மேன். தரைக்கு வெகு கீழே, குடைந்த இடத்தில் பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. அவருக்கு ஜோடி எதிராஜ் மாமா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். உறவில்லை, பழக்கத்தில் மாமா. அவருடைய மனைவி கன்னியம்மா அத்தைக்கு அப்போது கைக்குழந்தை, பாபு. எதிராஜ் மாமா அதிகம் பேச மாட்டார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாவது வார்த்தையைச் சொல்லாமலேயே விட்டுவிடுவார்.

ஒரு நாள் காலையில் அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுவென்று ஆடின. அப்படி ஆடினால் கீழே எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம்; எங்கள் ஊரில் அதற்கு "பர்ஸ்ட்" என்று பெயர். அம்மா அடுப்பை அணைத்தாள். கன்னியம்மா அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். லைன் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். அப்பா அன்று மாலை சமையலறையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னதை, அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த நான் கேட்டேன். பாறைச் சரிவுக்குப் பின்னால் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் எதிராஜ் மாமாவும் இன்னும் சிலரும் ஒரு முட்டுக் கொடுப்பார்கள். ஆப்பு அடித்து இறுக்குவார்கள். நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். மரம் முனகவில்லையென்றால் கொஞ்சம் கல்லை அகற்றி அடுத்த முட்டுக் கொடுப்பார்கள். அவசரப்பட்டால் எல்லோரும் போவார்கள் என்பதால் அவசரப்படாமல் இருப்பதுதான் அந்த வேலை. அப்படியே போய் இரண்டு பேரையும் உயிரோடு எடுத்தார்கள். இரண்டாமவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரும்போது பாறை மறுபடியும் அதிர்ந்து ஒரு முட்டு நழுவி, அது தாங்கியிருந்த உத்தரம் சரியத் தொடங்கியது. எதிராஜ் மாமா அந்த உத்தரத்துக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

"ஸ்ட்ரெச்சர் தாண்டற வரைக்கும் நின்னான்" என்றார் அப்பா. "தாண்டினப்புறந்தான் எறங்குச்சு."

அவ்வளவுதான் சொன்னார். மேலே ஆம்புலன்ஸ் முதல் ஆளோடு போயிருந்ததால், இரண்டாவது ஆளைச் சுரங்கக் கேட்டுக்கு வெளியே நின்ற சுந்தரத்தின் ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுந்தரம் பூதிகோட்டைக்காரர், பஜாருக்கும் ரயில் நிலையத்துக்கும் குதிரை வண்டி ஓட்டுபவர். அன்று குதிரையை விரட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் பிழைத்தான். இது சுந்தரத்துக்குச் சேர வேண்டிய பெருமை, இதில் எனக்கு மறுப்பில்லை.

அதன் பிறகு வந்த மழைக்காலத்தில் மெட்ராஸ் பார்சல் வரவில்லை. வாடகைக்காரர்கள் தாமு அண்ணனைப் பிய்த்து எடுத்தார்கள். அவர் கடைக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்று இருந்தது. அங்கே படம் அச்சிடும் கட்டைகள் என்று பார்த்தால் ஒரு பிள்ளையார், ஒரு குத்துவிளக்கு, மாலை மாற்றும் தம்பதி, அப்புறம் எப்போதோ ஊருக்கு வந்த சர்க்கஸின் நோட்டீசுக்காகச் செய்த ஒரு குதிரைக்காரன். தொப்பி, துப்பாக்கி, பின்னங்காலில் நிற்கும் குதிரை எல்லாம் அதில் இருந்தன. சுரங்கத் தொழிலாளியின் படம் போட்ட கட்டை அந்த ஊரில், அந்த அச்சகத்தில், ஒன்றுகூட இல்லை. ஆகவே எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் நடந்த மீட்பைப் பற்றித் தாமு அண்ணன் புத்தகம் போட முடிவு செய்தபோது, அதைச் செய்தவனுக்குக் குதிரை இருந்தே ஆக வேண்டியதாயிற்று. அன்றைய மீட்பில் குதிரையோடு இருந்தவர் சுந்தரம் ஒருவர்தான்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில், மெட்ராஸ் புத்தகங்களில் இருக்கிற மாதிரியே, "இது நடந்த கதை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கன்னியம்மா அத்தைக்குப் படிக்கத் தெரியாது. யாரோ சொல்லக் கேட்டு ஒரு பிரதி வாங்கிவந்து என் கையில் கொடுத்து, குழந்தைக்குப் பால் கொடுத்தபடி சுவரோரம் உட்கார்ந்தாள்.

நான் படித்தேன். சுந்தரம் குதிரையோடு சுரங்க லிஃப்டான கேஜில் ஏறி ஷாஃப்டுக்குள் இறங்குகிறார். கீழே ஒரு லெவலில், சுரங்கத் தளத்தில், மூன்று தங்கத் திருடர்கள் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். வழியை அடைத்துக்கொண்டிருந்த முட்டுக் கட்டையைச் சுந்தரம் ஓர் உதை விட்டு எறிந்துவிட்டுப் பாய்கிறார். ஓரமாக ஒரு நரைத்த தாடிக் கிழவன், கழுதையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அபயம்! அபயம்!" என்று அழுகிறான். டிம்பர்மேன் என்று போட்டிருந்தது, கடைசியில் உயிரோடு மேலே வந்தான் என்பதால் அது என் அப்பா என்று தெரிந்தது. அப்போது அப்பாவுக்குத் தலையில் ஒரு நரை கிடையாது.

அத்தை ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் நிமிர்ந்து பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்தது. பின்னட்டையில் குத்துவிளக்கு.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான் அத்தை."

"அவரு பேரு எங்கடி?"

அவள் குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பஜாருக்கு நடந்தாள். போவதற்கு முன் நான், அப்பா சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதிவைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டேன்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தை படியிலேயே நின்றாள்.

"இன்னாங்க, ஊரு பூரா பேரு போட்டுகீறீங்கோ. குதிரைக்குக்கூடப் பேரு கீது. எங்க வூட்டுக்காரரு பேரு எங்க?"

தாமு அண்ணன் எழுந்து நின்றார். "கன்னியம்மா, நான் வந்து..."

"செத்தது அவருதான? அத்தினி பேர்ல செத்தது அவரு ஒருத்தருதான?"

நான் தாளைத் தாமு அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்தார். தப்பித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது போல நிதானமாகவே படித்தார்.

"எழுத்து முத்து முத்தா கீது பாப்பா. ஆனா இதப் படிக்கறவன் இன்னா பண்ணுவான், சொல்லு? உங்கப்பா ஒரு கட்டை வெச்சாரு. சரி. அப்புறம்?"

"இன்னொரு கட்டை வெச்சாங்க."

"அப்புறம்?"

"கேட்டாங்க. மரம் சத்தம் போடுதான்னு."

"போட்டுச்சா?"

"இல்ல."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். "அடப் போ தாயி, எங்களுக்கே தூக்கம் வருது" என்றார் ஒருவர். அவரும் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் அந்த முட்டுகளுக்குக் கீழேதான் அவர் நடந்து போய் வருகிறார். அது அவருக்கே கதையாகத் தெரியவில்லை.

"அடுத்த தடவை அடிக்கறப்ப எதிராஜ் பேரு இருக்கும். நான் சொல்றேன், இருக்கும்" என்று தாமு அண்ணன் தன் தலையில் கைவைத்து அத்தையிடம் சத்தியம் செய்தார். அத்தை தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

அப்பா அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு முறை பார்த்தார். கழுதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "முட்டுக் கட்டய ஒதச்சுத் தள்ளிட்டு எவன்டா உள்ள போவான்? நாளைக்கு இத்தப் படிச்ச பசங்கதான வேலைக்கு வருவானுங்க!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அபூர்வம். ஆனால் கேஜில் தினமும் நடந்த கிண்டலை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொல்லித்தான் தெரியும். "தாத்தா வராரு, வழி வுடுங்கபா, கழுதைக்கும் எடம் வேணும்" என்பார்களாம். வேண்டாத எண்ணத்தோடு சொன்னதில்லை, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு அப்பா சுரங்கத்தைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். எதிராஜ் மாமா அந்த உத்தரத்துக்கு அடியில் நின்றபோது ஏதாவது சொன்னாரா என்று நான் பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "வேலயப் பாரு பாப்பா" என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை. அப்பா இறந்தபோது அந்தப் பதிலும் போயிற்று. நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். தெரிந்ததை மட்டும் எழுதுவது என் பழக்கம். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது அரைப் பக்கம்கூட வராது. அதற்கு மேலே இருந்ததையெல்லாம் ஒரு சர்க்கஸ் கட்டை மூடிவிட்டது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

தாமு அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் கொடுமை. இரண்டாவது தடவை அச்சிட்டபோது எதிராஜ் மாமா வந்தார், சுந்தரத்தின் உயிர்த் தோழனாக. திருடன் சுந்தரத்தைக் குறி பார்த்துச் சுட, எதிராஜ் குறுக்கே பாய்ந்து குண்டை மார்பில் வாங்கிக்கொண்டு, சுந்தரத்தின் மடியில் தலை வைத்து, மண்ணையும் மனைவியையும் மகனையும் பற்றி ஒரு பக்கம் நிறைய வசனம் பேசிச் சாகிறார். மூன்றாவது வார்த்தையைச் சொல்லாமல் விடுகிற மனிதர்!

அத்தை அதைப் படிக்கச் சொல்லி வந்தாள். நான் அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, "அத்தை, இது பொய். மாமா இப்படி..." என்றேன்.

"தெரியும்டி" என்றாள். "உங்கப்பா என்னாண்ட எல்லாம் சொல்லிட்டாரு. நீ படி."

படித்தேன். அவள் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "இன்னா அழகாப் பேசிட்டுப் போயிருக்காரு பாரு" என்றாள். "அந்த மனுசன் எங்கிட்ட ஒருநாள் இப்டிப் பேசலியே." மறு வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஒரு முறை என் அம்மா பொறுக்க முடியாமல், "சாகு, போதும் கன்னியம்மா, பொண்ணு தொண்ட காயுது" என்று பாதிக் கன்னடத்தில் தடுத்தாள். அத்தைக்கு அதற்குள் அந்தப் பக்கம் மனப்பாடமாகிவிட்டிருந்தது. பாபுவைத் தூங்கவைக்கும்போது அவள் அதைச் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும்.

சுந்தரத்தின் கதை வேறு விதம். தொடக்கத்தில் அவர் கூசினார். வண்டியில் ஏறியவர்களிடம், "நான் எங்கங்க எறங்கினேன், கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன்" என்று சொல்லி வந்தார். அதைக் கேட்ட சனங்கள் அடக்கமான மனிதர் என்று மேலும் கொண்டாடினார்கள். ரயிலுக்குப் போகிறவர்கள் மற்ற ஜட்காக்களை விட்டுவிட்டு அவர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். சில மாதங்களில் அவர் தலையில் அகன்ற தொப்பி ஒன்று வந்தது. பிறகு, எந்த லெவலில் எந்தத் திருடனை எப்படி அடித்தார் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு முறை அந்த வண்டியில் போயிருக்கிறேன், கேட்டேன். அவர் பொய் சொல்கிறவர் போல இல்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் போலத்தான் பேசினார். தாமு அண்ணன் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது எனக்குப் புரிந்தது அன்றுதான். அங்கே காட்டெருமை சுட்டவனுக்கு ஒரு கண்டத்தையே கொடுத்தார்கள். இங்கே ஜட்கா ஓட்டியவருக்கு ஒரு சுரங்கம். இரண்டு இடத்திலும் தோண்டினவன் கழுதையோடு ஓரமாக நின்றான்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன். சுரங்கம் மூடிய பிறகு, இப்போது, கன்னியம்மா அத்தை போய்ச் சேர்ந்தாள். பாபு பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வேலை பார்க்கிறான்; நானும் அதே ரயிலில்தான் ஆபீசுக்குப் போகிறேன். காரியப் பத்திரிகையில் அம்மா படத்தோடு அப்பா படத்தையும் போடுவதாகவும், கீழே இரண்டு வரி நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டான். இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த இடம் அது. "சக தொழிலாளியின் ஸ்ட்ரெச்சர் கடந்து செல்லும்வரை சரியும் உத்தரத்தைத் தன் தோளில் தாங்கி நின்று உயிர் நீத்த எதிராஜ்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை.

மறுநாள் ரயிலில் எதிரே உட்கார்ந்து பாபு தாளை மடித்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நல்லாத்தான் எழுதிகீற. ஆனா சப்புன்னு கீது."

"நடந்தது அதுதாண்டா."

"எங்கப்பாவ திருடனுங்க சுட்டாங்க இல்ல? அம்மாதான சொன்னாங்க. அப்பா கடைசியா பேசினதுகூட அம்மா சொல்வாங்க."

"அது புக்குல இருந்தது பாபு. உங்கம்மாவுக்கும் தெரியும். எங்கப்பா பக்கத்துல இருந்து பார்த்தவரு."

"உங்கப்பா அந்தக் கழுதை வெச்சிருந்தவருதான?" என்றான் பாபு. கிண்டலாகக் கேட்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுகொள்ள முயல்கிறவனாக, மரியாதையோடுதான் கேட்டான்.

ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியது. பிறகு முட்டுக் கொடுப்பதைப் பற்றி, ஆப்பைப் பற்றி, காது கொடுத்துக் கேட்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவன் கேட்டான். கடைசியில், "அப்ப ஒண்ணுமே பேசாமயா அக்கா செத்துப் போனாரு?" என்று கேட்டபோது அவன் முகம் வாடிப்போயிருந்தது.

பத்திரிகை வந்தது. "தங்கத் திருடர்களின் குண்டை மார்பில் ஏந்திய மாவீரன்" என்று போட்டிருந்தது. என் வரி இல்லை.

ஜட்காக்கள் நின்ற இடத்தில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. தாமு அண்ணன் கடை எஸ்.டி.டி. பூத் ஆகிவிட்டது, அவருடைய புத்தகத்தின் பிரதி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அதற்குத் தேவையும் இல்லை, அது எல்லோர் வாயிலும் இருக்கிறது. பம்புகளை நிறுத்திய பிறகு கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு லெவலாக மூழ்குகிறது என்கிறார்கள். அப்பாவும் மாமாவும் கொடுத்த முட்டுகளில் எது இன்னும் நிற்கிறது, எது இறங்கிவிட்டது என்று போய்ப் பார்க்க இனி வழி கிடையாது. அன்று அங்கே இருந்தவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. காரியத்தன்று சாப்பிட்டு எழுந்தபோது, பாபுவின் பையன் என் பக்கத்துக்கு வந்து, "அத்தை, எங்க தாத்தா துப்பாக்கிச் சண்டையில செத்தத உங்கப்பா நேர்ல பார்த்தாராமே, அப்பா சொன்னாரு" என்றான்.

இல்லை என்றேன். அவன் பெரிய மனிதனைப் போலத் தலையை ஆட்டிவிட்டு, நேரில் பார்த்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு பந்திப் பக்கம் போனான்.